உறுதி இல்லாக் குடியும் உரிமை உள்ள குடியே

புயலுக்கு இனம் தெரியாது. வெள்ளத்துக்கு மொழி தெரியாது. 2025 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் இறுதி நாட்களில் இலங்கைத் தீவின்மீது பாய்ந்த டித்வா புயல், அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டபோது, கண்டிச் சிங்களவர் இவர், பதுளைத் தோட்டத் தமிழர் இவர், மன்னார் முஸ்லிம் இவர் என்று வேற்றுமை பாராட்டவில்லை. ஆனால் வெள்ளம் வடிந்தபின் ஒரு மேசை வருகின்றது. அம் மேசையின்மேல் ஒரு பட்டியல் விரிக்கப்படுகின்றது. அப்பட்டியலை எழுதுபவர் கேட்கும் முதற் கேள்வியிலேயே வேற்றுமை தொடங்கிவிடுகின்றது. "காணிக்கு என்ன ஆதாரம்?" என்பதே அக்கேள்வி.

இக்கேள்வியை இனத் துவேஷம் என்று எவரும் கூறமாட்டார். எல்லோரிடமும் கேட்கப்படும் கேள்வியன்றோ? ஆயினும், அனர்த்தத்தின் பின்னர் வீடு கட்டிக் கொடுக்கும் பணியில் இன அநீதி நுழையும் வாயில் இக் கேள்வியே ஆகும். அவ்வாயிலை அடைக்காமல் எத்தனை கோடி ரூபாவை இறைத்தாலும் நீதி கிட்டாது. அவ்வாயிலிற் காவலராக நிற்பவர் கொழும்பு அரசாங்கத்தார் மாத்திரமல்லர். வன்னித் தமிழராகிய நாமும் அவ்விடத்தில் நிற்கின்றோம். இதனை நிறுவுவதே இக் கட்டுரையின் நோக்கம்.

பூவரசங்குளத்திற் கண்டது

வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் வீதியில் உள்ளது எமது பூவரசங்குளம். புயல் மழை ஓய்ந்து சில நாட்களின் பின்னர், அயலிலுள்ள குடியேற்றமொன்றுக்குச் சென்றிருந்தேன். மண்சுவர் வீடொன்றின் பின்பக்கம் முழுதும் சரிந்து கிடந்தது. வீட்டுக்காரி எழுபதைக் கடந்த மூதாட்டி. 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து கைக்குழந்தையுடன் ஓடி வந்தவர். சேதவிபரம் பதியச் சென்ற இடத்தில் அனுமதிப்பத்திரம் கேட்டிருக்கின்றார்கள். இல்லையென்றதும், பின்னர் பார்ப்போம் என்று கூறி அனுப்பிவிட்டார்கள்.

"எங்ககிட்ட காகிதம் ஒண்ணும் இல்லைங்க ஐயா. கெணறு இருக்கு. நான் வச்ச தென்னை இருக்கு. எங்க வீட்டுக்காரர எரிச்ச சுடுகாடு இருக்கு. இதெல்லாம் கணக்குல வராதுங்களா?" என்றார்.

இருபதாண்டுகளாக நீதிமன்றங்களில் காணி வழக்குப் பேசி வந்த எனக்கு, அவ்வம்மையாரின் கேள்விக்கு உடனே விடை கூற முடியவில்லை. காரணம், சட்டம் அறிந்தவன் என்ற முறையில் அதற்குரிய விடையை நான் அறிவேன். அது அவருக்குச் சாதகமான விடையன்று.

தனியார் காணியொன்றைப் பத்தாண்டு காலம் தடையின்றியும் எதிரிடையாகவும் ஒருவன் ஆண்டனுபவித்து வந்தால், 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி அக்காணி அவனுக்குரியதென்று நீதிமன்றம் தீர்ப்பளிக்கலாம். ஆனால் அச்சட்டம் முடிக்குரிய காணிக்குச் செல்லாது. முடி போய்க் குடியரசு வந்த பின்னரும் நிலை அதுவே. அரச காணியில் ஐம்பது ஆண்டன்று, நூறாண்டு வாழ்ந்தாலும், 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழோ வேறொரு சட்டத்தின் கீழோ அனுமதிப்பத்திரம் கையில் இல்லாதவன், சட்டத்தின் கண்ணில் அத்துமீறிக் குடியிருப்பவனே. தென்னை சாட்சி சொல்லாது, கிணறு கையொப்பமிடாது.

காகிதம் இல்லாமற் போனது எவ்வாறு?

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, அவ்வம்மையாரிடம் காகிதம் உண்டா என்பதன்று. காகிதம் இல்லாமற் போனதற்குப் பொறுப்பாளி யார் என்பதே.

நூறாண்டுக்கு மேலாகக் கோப்பித் தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் உழைத்து இந்நாட்டின் கஜானாவை நிரப்பிய மக்களை, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அம்மக்களின் வாக்குரிமை, 1949 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தினால் பறிக்கப்பட்டது. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி ஸ்ரீமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்பட வேண்டியவர் என்று மனிதர் எண்ணிப் பங்கிடப்பட்டனர். எஞ்சியோர்க்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003 ஆம் ஆண்டிலேதான்.

பிரஜாவுரிமை இல்லாதவனுக்கு அரச காணி இல்லை. வாக்கு இல்லாதவனுக்காகப் பேச உறுப்பினர் இல்லை. தோட்ட லயத்தில் வாழ்ந்தவனுக்குத் தான் படுத்துறங்கும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையும் சொந்தமன்று. தோட்டங்களின் நிர்வாகம் 1992 இல் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோதும் மண் அரசுடையதாகவும் நிர்வாகம் கம்பனியுடையதாகவும் இருந்தனவேயன்றி, அதில் வாழ்ந்த தொழிலாளிக்கு ஒரு பேர்ச் நிலமும் உரித்தாகவில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு 2018 இல் திருத்தப்படும் வரையில், தோட்டத்துள் ஒரு பாதை போடவும் பிரதேச சபைக்குச் சட்டம் இடங்கொடுக்கவில்லை.

இவ்வாறு ஒரு மக்கட் கூட்டத்தின் கையிற் காகிதம் சேராவண்ணம் எழுபத்தைந்து ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்ட அரசு, புயல் வந்து வீட்டை இடித்த மறுநாள், "காகிதம் எங்கே?" என்று கேட்பது எவ்வகை நீதி? தான் இழைத்த தவற்றினால் தானே பயன்பெற எவனையும் அனுமதிக்கலாகாது என்பது சட்டக் கல்லூரியின் முதலாண்டிலேயே நாம் கற்கும் கோட்பாடு. தனிமனிதனுக்குப் பொருந்தும் அக்கோட்பாடு அரசுக்கும் பொருந்த வேண்டாமா?

அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்றும், இனம், மதம், மொழி, சாதி, பிறந்த இடம் முதலியன காரணமாக எந்தப் பிரஜைக்கும் பாரபட்சம் காட்டலாகாதென்றும் கூறுகின்றது. சமமாக இருப்போரை ஒரே விதியால் அளத்தல் சமத்துவம். ஒருவனுடைய காலை முதலில் முறித்துவிட்டு, பின்னர் எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் சொல்வது சமத்துவமாகாது.

மீரியபெத்தை தந்த பாடம்

2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆந் திகதி காலையில், பதுளை மாவட்டத்து கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின்மேல் மலை சரிந்து, லயன்களை மனிதரோடு மூடியது. அவ்விடம் ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கிடைத்தும் அம்மக்கள் ஏன் அகலவில்லை என்று வினவியோர் பலர். அகல்வதாயின் எங்கே செல்வது? விற்பதற்கு ஒரு வளவும் இல்லை. வாங்குவதற்குப் பணமும் இல்லை. லயத்தைவிட்டு நீங்கினால் வேலையும் இல்லை. மலையின் அடியில் அவர்களைக் கட்டிப்போட்டிருந்த கயிறு மழையால் திரிக்கப்பட்டதன்று, காணியின்மையால் திரிக்கப்பட்டது. உயிர் தப்பியோர்க்கு வீடுகள் கட்டி ஒப்படைக்க ஏறக்குறைய இரண்டாண்டுகள் சென்றன.

பதினோராண்டு கழித்து, டித்வா புயலில் அதே மலைநாட்டில் மீண்டும் மலைகள் சரிந்தன. வீடு முழுதும் அழிந்தவர்க்கு ஐம்பது இலட்சம் ரூபா வரையும், பாதுகாப்பான காணி இல்லாதோர்க்குக் காணியோ அதனை வாங்கப் பணமோ வழங்கப்படும் என்று 2025 டிசெம்பரில் அரசாங்கம் அறிவித்தது. அறிவிப்பு நல்லது, அதனைப் பாராட்டுவதில் எமக்குத் தயக்கமில்லை. ஆனால் அரசாங்கத்தின் அறிவிப்பு மேடையில் பிறக்கின்றது. அதன் உயிர் சுற்றறிக்கையிலும், கிராம அலுவலரின் பட்டியலிலும், தோட்டத்துரையின் சம்மதக் கடிதத்திலும் தங்கியிருக்கின்றது. லயன் அறை ஒரு "வீடு" எனக் கொள்ளப்படுமா? அதில் வாழ்ந்தவர் "உரிமையாளர்" எனக் கொள்ளப்படுவாரா? ஒரே லயத்தின் ஓர் அறையில் வாழ்ந்த இரண்டு குடும்பங்கள் ஒன்றாக எண்ணப்படுமா, இரண்டாக எண்ணப்படுமா? சிங்களக் கிராமத்தவனுக்குப் போதாதெனக் கருதப்படும் 7 பேர்ச்சும் 10 பேர்ச்சும் தோட்டத் தமிழனுக்கு மாத்திரம் போதுமானவை ஆவது எவ்வாறு? இவ்வினாக்களுக்குச் சுற்றறிக்கையில் எழுத்தில் விடை இல்லையேல், ஐம்பது இலட்சம் என்பது ஏட்டுச் சுரைக்காயே.

சுனாமிக்குப் பின் நிகழ்ந்தது

அனர்த்தத்தின் பின்னர் இனம் எவ்வாறு கணக்கிற் புகுகின்றது என்பதற்கு 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆந் திகதிச் சுனாமியிலும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. கரையோரத்தில் வீடு கட்டலாகாதென்று தடைவலயம் வகுத்த அரசாங்கம், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் என்றும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்றும் கோடு கீறியது. முல்லைத்தீவுக் கரையில் ஆயிரக்கணக்கில் உயிரிழந்த மீனவ மக்களுக்கு மீண்டும் குடிசை போடுவதற்கும் தடை. அத்தடையின் நீளம் நிலத்தின் தன்மையை ஒட்டி அளக்கப்படவில்லை. மாகாணத்தை ஒட்டியே அளக்கப்பட்டது.

2005 ஜூன் 24 ஆந் திகதி, புனரமைப்பு நிதியை மூவின மக்களும் கூடிப் பகிர்வதற்கான பொதுக் கட்டமைப்பு ஒன்று கைச்சாத்தாயிற்று. ஜே.வி.பி. உறுப்பினர்கள் தொடுத்த வழக்கில், 2005 ஜூலை 15 ஆந் திகதி உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது. அத்துடன் அது உயிரிழந்தது. அன்று வழக்குத் தொடுத்த கட்சியே 2024 ஆம் ஆண்டிலிருந்து ஆட்சியின் அச்சாணியாக விளங்குகின்றது. பழைய வழக்கைப் பழிக்காக நினைவூட்டவில்லை. அன்று நீதிமன்றத்தில் மறுத்ததை இன்று நிர்வாகத்தில் வழங்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டியுள்ளது என்பதை எடுத்துரைப்பதற்காகவே கூறுகின்றோம்.

மற்றுமொரு சான்று அக்கரைப்பற்றிலுள்ள நுரைச்சோலை. சுனாமியால் வீடிழந்த முஸ்லிம் மக்களுக்கென சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடுகள் அங்கே கட்டப்பட்டன. ஜாதிக ஹெல உறுமயவினர் நீதிமன்றம் சென்றனர். தேசிய இன விகிதாசாரப்படி அவ்வீடுகளைப் பங்கிட வேண்டுமென 2009 இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. விளைவு யாது? வீடிழந்தவர் வெளியே நிற்க, கட்டிய வீடுகள் ஆண்டுக்கணக்கிற் பூட்டிக் கிடந்து, காடு மண்டிப் பாழாயின.

இங்கே வாசகர் ஒன்றை நுணுகி நோக்க வேண்டும். இன நீதி என்பது இன விகிதாசாரம் அன்று. நாட்டில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் சிங்களவர் ஆகையால் நுரைச்சோலையிலும் நூற்றுக்கு எழுபத்தைந்து வீடு சிங்களவர்க்கு என்பது கணிதமாகலாம், நீதியாகாது. கடல் எவனுடைய வீட்டைக் கொண்டுசென்றதோ அவனுக்கே வீடு. இழப்பே அளவுகோல், தேவையே முன்னுரிமை. அவ்வளவுகோலைத் தமிழருக்குச் சாதகமாக வரும்போது மாத்திரம் பிடித்து, முஸ்லிம் மக்களுக்குச் சாதகமாக வரும்போது கைவிடுவோமாயின், நாம் பேசுவது நீதியன்று, பேரம்.

அமெரிக்காவிலும் இக்கதையே

இத்தீமை எமது நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. 2005 ஆம் ஆண்டு கத்ரீனாப் புயல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரை மூழ்கடித்த பின்னர், வீடு திருத்துவதற்கு லூயிசியானா மாநிலம் ஒரு திட்டம் வகுத்தது. புயலுக்கு முன் அவ்வீடு பெற்ற சந்தை விலை, அதனைத் திருத்த ஆகும் செலவு ஆகிய இரண்டில் எது குறைவோ அதனை அடிப்படையாகக் கொண்டு உதவி கணிக்கப்பட்டது. விதியில் இனம் என்ற சொல்லே இல்லை. ஆனால் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில், பழைய ஒதுக்கலின் விளைவாக, வீட்டின் சந்தை விலை குறைவு. ஆகவே ஒரே அளவான வீட்டுக்கு, ஒரே அளவான சேதத்துக்கு, கறுப்பினக் குடும்பத்துக்குக் குறைந்த தொகையும் வெள்ளையர் குடும்பத்துக்குக் கூடிய தொகையும் கிடைத்தன. 2008 இல் வழக்குத் தொடரப்பட்டு, 2011 இல் இணக்கத்தில் முடிந்து, மேலதிகப் பணம் ஒதுக்கப்பட்டது.

அதே நாட்டின் தென்பகுதியில், தந்தை வழியாகவும் பாட்டன் வழியாகவும் எழுத்தில்லாமலே வந்த காணிகளில் வாழ்ந்த கறுப்பின மக்கள், உறுதி காட்ட முடியாமையால் அனர்த்த உதவி மறுக்கப்பட்டு அலைந்தனர். 2021 இல் அந்நாட்டு அவசரகால நிறுவனம் தன் விதியைத் தளர்த்தி, வேறு ஆதாரம் இல்லாதவர் தாமே எழுதிக் கொடுக்கும் வாக்குமூலத்தையும் ஏற்கத் தொடங்கியது. உலகின் பெரும் செல்வ நாடே இவ்விதியைப் பிழையென ஒப்பித் திருத்திக்கொண்டிருக்க, எமது நாட்டு நிர்வாகம் அதனையே பிடித்துத் தொங்குவதற்கு நியாயம் இல்லை.

எம் வீட்டுக் கணக்கு

இதுவரை கூறியவற்றை எமது மக்கள் தலையசைத்து ஏற்பர். இனிக் கூறுவது சிலருக்குக் கசக்கலாம். ஆயினும் கூறாதிருத்தல் கடமை தவறுதலாகும்.

2025 மார்ச் 28 ஆந் திகதி, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு வர்த்தமானி வெளியாயிற்று. யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் ஆகிய மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துள் உரிமை நாட்டாவிடில் அவை அரசுடையவையாகும் என்பதே அதன் சாரம். வடக்கு கொதித்தெழுந்தது. யுத்தத்தில் உறுதிகள் எரிந்தன, சுனாமியில் அள்ளுண்டன, இடப்பெயர்வில் தொலைந்தன, உரிமையாளர் கடல்கடந்து வாழ்கின்றனர், காகிதம் இல்லை என்பதற்காகக் காணியைப் பறிக்கலாமா என்று நாம் கேட்டோம். நியாயமான கேள்வி. ஜூன் 27 ஆந் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் வர்த்தமானியும் மீளப்பெறப்பட்டது.

அன்று நாம் எந்த வாயால் அக்கேள்வியைக் கேட்டோமோ, அந்த வாயால் எம் அயலில் வாழும் மலைநாட்டுத் தமிழன் அதே கேள்வியைக் கேட்கும்போது என்ன விடை கூறுகின்றோம்?

1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களில் அடித்து விரட்டப்பட்ட மலைநாட்டுத் தமிழர் வன்னிக்கு வந்தனர். காட்டை வெட்டினர், கிணறு தோண்டினர், யானையோடும் மலேரியாவோடும் போராடினர். மத்தியவகுப்புத் திட்டக் காணிகளிலும் படித்த வாலிபர் திட்டக் காணிகளிலும் கூலிக்கு உழைத்து எமது நெல்லையும் மிளகாயையும் விளைவித்தனர். கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம், சாந்தபுரம் முதலிய குடியேற்றங்களும், வவுனியாவின் எல்லைக் கிராமங்கள் பலவும் அவர்களின் வியர்வையில் எழுந்தவை. எல்லைப்புறத்தை அவர்கள் காத்தனர் என்று மேடைகளிற் புகழ்கின்றோம். வேலிக்கென நட்ட பூவரசங் கதியால் வேர்விட்டுத் தளிர்த்தபின்னும், அதனை மரமென்று ஒப்ப மறுப்பவன் போல, அரை நூற்றாண்டு கடந்தும் அவர்களை "வந்தவர்" என்றே எண்ணுகின்றோம். சிலர் வாயில் அதனிலும் இழிந்த சொல் வருவதுண்டு. அதனை இங்கு எழுதக் கை கூசுகின்றது.

யுத்தம் 2009 இல் முடிந்தபோது, செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமில் முட்கம்பிக்குள் யாழ்ப்பாணத்தாரும் வன்னியாரும் மலைநாட்டாரும் ஒரே தறப்பாளின் கீழ் படுத்தனர். வெளியே வந்ததும் பிரிவு வந்துவிட்டது. இந்திய அரசாங்கத்தின் உதவியில் வடக்கு கிழக்கில் வீடொன்றுக்கு 5,50,000 ரூபா வீதம் வழங்கப்பட்ட திட்டத்தில், காணி உரிமை காட்டக்கூடியவர் முன்னே சென்றனர். அனுமதிப்பத்திரம் இல்லாத மலைநாட்டுக் குடும்பங்கள் பல பின்தங்கின. அப்பட்டியல்களை எழுதியோர் சிங்கள அலுவலர் அல்லர். எமது பிள்ளைகளே எழுதினர். அவர்கள் கொடியவர் என்று யாம் கூறவில்லை. விதி அவ்வாறு இருந்தது, அவர்கள் எழுதினர். ஆனால் அவ்விதிக்கு எதிராக எமது சபைகளில் எழுந்த குரல் எத்தனை?

தந்தை செல்வா அவர்கள் 1948 இல் பிரஜாவுரிமை மசோதாவை எதிர்த்து, அதன் விளைவாகவே 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். இன்று மலைநாட்டார்க்குச் செய்த அநீதி நாளை வடக்கு கிழக்குத் தமிழர்க்கும் வரும் என்பது அவருடைய எச்சரிக்கை. அவ்வழியில் நிற்பதாகக் கூறும் நாம், பாரதிபுரத்தானின் அனுமதிப்பத்திரத்தை மறந்துவிட்டு அப்பெயரை உச்சரிக்கலாமா?

டித்வா புயலின் பின்னர், மலைநாட்டு மக்கள் வடக்கு கிழக்கிற்கு வந்து குடியேறலாம் என்ற அழைப்பும் எழுந்தது. அழைப்பின் அன்பை யாம் மதிக்கின்றோம். ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, அவர்கள் பிறந்து உழைத்த மலையிலேயே பாதுகாப்பான காணி பெறுவது அவர்களின் முதல் உரிமை. அவ்வுரிமையைக் கைகழுவ அரசுக்கு எமது அழைப்பு ஒரு சாக்காகலாகாது. இரண்டாவது, தாமே விரும்பி வருவோர்க்கு, வண்டியிலிருந்து இறங்கு முன்னரே காணிப் பத்திரம் கையில் இருத்தல் வேண்டும். 1977 இல் வந்தவரின் கையிற் பத்திரம் இல்லாதிருக்க, 2025 இல் வருபவரை எந்த முகத்தோடு வரவேற்பது?

கமக்காரரின் நியாயமான அச்சம்

எமது கமக்காரர் ஓர் ஐயம் எழுப்புவர். "காகிதமின்றி இருப்போர்க்கெல்லாம் உரிமை கொடுத்தால், குளத்து அலைகரையைப் பிடித்தவனுக்கும் வாய்க்காற் கரையை மறித்தவனுக்கும் உரிமை கொடுப்பதாகாதா? குளம் பாழானால் வயல் ஏது?" என்பதே அவ்வையம். இஃது அலட்சியம் செய்யத்தக்கதன்று. குளமே வன்னியின் உயிர்.

விடை எளிது. வீட்டுக்கான உரிமை வேறு. குறித்த அந்த இடத்துக்கான உரிமை வேறு. அலைகரையில் வாழ்பவனை அங்கேயே நிலைப்படுத்த வேண்டுமென்று யாம் கேட்கவில்லை. அங்கே வாழ்ந்தான் என்பதைக் குற்றமாக்கி அவனை வீட்டுப் பட்டியலிலிருந்து நீக்கலாகாது என்றே கேட்கின்றோம். மேட்டு நிலத்தில், தன் தொழிலுக்கு எட்டும் தூரத்தில், மாற்றுக் காணியும் அனுமதிப்பத்திரமும் கொடுத்து அவனை எழுப்புக. அவ்வாறு செய்தால் குளமும் தப்பும், குடும்பமும் தப்பும். கொடாமல் விரட்டினால், அவன் அடுத்த குளத்தின் அலைகரைக்கே செல்வான்.

செய்ய வேண்டியவை

குறை கூறி அமைவதிற் பயனில்லை. அரசாங்கத்திடம் நாம் கேட்க வேண்டியவை நான்கு.

ஒன்று: புனரமைப்பு உதவிக்குக் காணி உறுதியன்று, குடியிருப்பே தகுதி என்று சுற்றறிக்கையில் வெளிப்படையாக எழுதுதல் வேண்டும். வாக்காளர் இடாப்பு, பிறப்புப் பத்திரம், பாடசாலை இடாப்பு, மின்சாரப் பட்டியல், அயலவர் இருவரின் சத்தியக் கடதாசி ஆகியவற்றுள் எதுவும் போதுமான ஆதாரமாதல் வேண்டும்.

இரண்டு: வீட்டோடு காணிப் பத்திரமும் சேர்ந்து வருதல் வேண்டும், அது கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதப்படல் வேண்டும். பத்திரமில்லாத வீடு அடுத்த புயலுக்கு மீண்டும் அதே கேள்வியைச் சந்திக்கும்.

மூன்று: தோட்டத்துக்கு ஓரளவு, கிராமத்துக்கு வேறோரளவு என்ற இரட்டைக் கணக்கு ஒழிதல் வேண்டும். காணியின் பரப்பும் வீட்டின் அளவும் எல்லோர்க்கும் ஒன்றாதல் வேண்டும்.

நான்கு: பயனாளிகளின் பட்டியல், ஏற்கப்பட்டவர் யார், நீக்கப்பட்டவர் யார், காரணம் யாது என்ற விபரத்தோடு, மக்கள் வாசிக்கும் மொழியில், பாடசாலையிலும் சங்கக் கடையிலும் ஒட்டப்படல் வேண்டும். மேன்முறையீட்டுக்குப் போதிய கால அவகாசம் வழங்கப்படல் வேண்டும்.

நாம் நமக்கே விதித்துக்கொள்ள வேண்டிய கடமையும் உண்டு. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் செல்ல அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை தரும் காலம் ஒரு மாதமே. அந்த ஒரு மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்தால், 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி, விசாரணை நிலுவையிலுள்ள காலம் அந்த ஒரு மாதத்துள் எண்ணப்படாது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எவரும் பட்டியலைக் கேட்டுப் பெறலாம். இவற்றை மண்சுவர் வீட்டு மூதாட்டி அறியார். சட்டம் கற்ற நாம் அறிவோம். ஆகவே வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் உள்ள சட்டத்தரணிகள், மாதத்தில் ஒரு நாளைக் கட்டணமின்றி இம்மக்களின் சத்தியக் கடதாசிகளுக்கு ஒதுக்க முன்வருவாராக. ஆசிரியர்கள் பழைய வரவு இடாப்புகளைத் தேடி எடுத்துக் கொடுப்பாராக. உறுதியும் வயலும் உடைய கமக்காரர், "இவர் என் அயலவர், இத்தனை ஆண்டுகளாக இங்கே வாழ்பவர், நான் அறிவேன்" என்று கையொப்பமிட முன்வருவாராக. ஒரு கையொப்பத்தால் கமக்காரர்க்கு நட்டம் ஏதுமில்லை. அயலவர்க்கோ அது வீடு.

அம்மூதாட்டியின் விண்ணப்பத்தை எழுதிவிட்டோம். வாக்காளர் இடாப்பின் பிரதியும், அவருடைய பிள்ளைகள் படித்த பாடசாலையின் கடிதமும், அயலவர் இருவரின் சத்தியக் கடதாசியும் இணைக்கப்பட்டுள்ளன. விடை இன்னும் வரவில்லை. வரும் வரையில் கேட்டுக்கொண்டிருப்போம். மறுத்தால் மேலே செல்வோம். இது ஒருவருடைய சுவரைப் பற்றிய வழக்கன்று. காகிதமில்லை என்று எம்மிடம் கொழும்பு கூறும்போது எது அநீதியோ, எம் அயலவரிடம் நாம் கூறும்போதும் அது அநீதியே என்பதை ஒப்புக்கொள்ளும் நேர்மை தமிழினத்துக்கு உண்டா இல்லையா என்பதைப் பற்றிய வழக்கு. அதற்குத் தீர்ப்பு எழுத வேண்டியவர் நீதியரசரல்லர்; நாமே.